சுகருக்குப் பின் பிரஷர்: வீட்டு பிபி மெஷினோடு சில வருடங்கள்

சுகர் இருப்பது உறுதியானதும் வீட்டுக்கு இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று குளுக்கோமீட்டர், இன்னொன்று பிபி மெஷின். இரண்டில் எது அதிகம் உதவியது என்று கேட்டால் தயங்காமல் பிபி மெஷின் என்பேன். இன்சுலின் போடுகிறவர்களுக்குக் குளுக்கோமீட்டர் இல்லாமல் முடியாது, அது வேறு கதை. மாத்திரையில் ஓடுகிற என்னைப் போன்றவர்களுக்குச் சுகரின் இரண்டு மூன்று மாத நிலவரத்தை எச்பிஏ1சி ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது. பிரஷருக்கு அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. 24 மணி நேரம் கட்டிக்கொண்டு அலைகிற மானிட்டரை எல்லோருக்கும் மாட்டுவதும் இல்லை. டாக்டர் அறையில் எடுக்கும் ஒரு ரீடிங், வீட்டில் நாமே எடுக்கும் ரீடிங், அவ்வளவுதான் கையில் இருப்பது.

பார்க்கிறவர்கள் எல்லாம் “சுகர் எவ்வளவு?” என்றுதான் கேட்பார்கள். பிரஷரை யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான யூகேபிடிஎஸ் ஆய்வைப் படித்தால் இரண்டையும் கேட்கத் தோன்றும். டைப் 2 சுகரும் பிரஷரும் சேர்ந்து இருந்தவர்களை அதில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். பிரஷரைக் கறாராகக் கட்டுப்படுத்திய குழுவின் சராசரி 144/82, மற்றக் குழுவினுடையது 154/87. வித்தியாசம் வெறும் 10/5. அதற்கே பக்கவாதம் 44 சதவீதமும், சுகர் சார்ந்த மரணங்கள் 32 சதவீதமும் குறைந்தன. இன்றைக்கு 144 என்று சொன்னால் எந்த டாக்டரும் அதைக் கட்டுப்பாடு என்று ஒத்துக்கொள்ள மாட்டார். 120க்குக் கீழே கொண்டுபோக வேண்டுமா என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது. 2010இல் வந்த அக்கார்ட் ஆய்வில் பக்கவாதம் குறைந்தாலும் மொத்தக் கணக்கில் தெளிவான பலன் தெரியவில்லை, மருந்தின் தொந்தரவுகளும் கூடின. 2024இல் சீனாவிலிருந்து வந்த பிப்ரோட் ஆய்வில் பலன் தெரிந்தது. அது டாக்டர்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். எனக்குத் தந்த இலக்கு 130/80க்குக் கீழே.

மெஷினைப் பற்றி. புஜத்தில் கட்டுவதையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது பார்க்க வசதி, ஆனால் கை கொஞ்சம் இறங்கினாலும் எண் மாறிவிடும். முறைப்படி சோதித்துத் தேறிய மாடலா என்று பார்ப்பது முக்கியம். ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அதைவிட முக்கியம் பட்டையின் அளவு. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. தையல் டேப்பால் புஜத்தின் நடுவில் அளந்து பார்த்துவிட்டு வாங்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷர் ஏறும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் கிட்டத்தட்ட 20 வரை கூடுதலாகக் காட்டியது என்று 2023இல் ஒரு ஆய்வு சொன்னது. ஒரு முழு மாத்திரையைக் கூட்டுவதற்கு இது போதும்!

உட்காரும் விதமும் அப்படித்தான். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் இல்லை, முழங்கை மேசை மேல், பட்டை நெஞ்சு உயரத்தில். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு எடுக்கக் கூடாது. காபிக்கும் புகைக்கும் அரை மணி நேர இடைவெளி வேண்டும். கையை மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4, தொங்கவிட்டால் 6க்கு மேல் கூடுகிறது என்று 2024 ஆய்வு ஒன்று உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு கிளினிக்கில் எடுப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஓர் இடத்தில், மாடி ஏறிப்போய் உட்கார்ந்த கையோடு, சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, “சாப்பிட்டீங்களா?” என்று பேச்சுக் கொடுத்தபடியே எடுத்தார்கள். 152. மருந்தைக் கூட்டலாமா என்று பேச்சு வந்தது. வீட்டு ரீடிங் எழுதிய தாளை நீட்டியதும் டாக்டர் அதைப் படித்துவிட்டு, மருந்தை அப்படியே விட்டார்.

அந்தத் தாளை நான் தயாரிக்கும் விதம்: டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன், இரவில் படுப்பதற்கு முன், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு ரீடிங். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரி. வீட்டுச் சராசரி 135/85 என்பது கிளினிக்கின் 140/90க்குச் சமம் என்று வைத்துக்கொள்கிறார்கள். வாரம் முடிந்ததும் மெஷின் அலமாரிக்குள் போய்விடும். தினமும் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எடுக்க எடுக்கப் பயம், பயத்தில் இன்னும் ஏறும். மெஷினோடு வந்த ஆப்பை நீக்கிவிட்டேன். அது ஒவ்வொரு எண்ணுக்கும் சிவப்பு, பச்சை என்று நிறம் பூசிக் கலவரப்படுத்துகிறது. டாக்டருக்கு வேண்டியது நிறம் அல்ல, சராசரி.

காலை ரீடிங்கால் கிடைத்த பலனைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேறொரு சமயம் கிளினிக்கில் என் எண்கள் அழகாக இருந்தன. வீட்டில் காலையில் மட்டும் ஏறியிருக்கும். கிளினிக்குக்கு நான் போவது மாத்திரை போட்டு சில மணி நேரம் கழித்து, அதன் வேகம் உச்சத்தில் இருக்கும்போது. அப்போது போட்டுக்கொண்டிருந்தது லோசார்ட்டான். மறுநாள் விடிவதற்குள் அதன் வேலை எனக்கு அடங்கிவிடுகிறது என்பதை அந்தக் காலை எண்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். உடம்பில் அதிக நேரம் தங்கும் டெல்மிசார்ட்டானுக்கு மாற்றியதும் காலை எண்கள் இறங்கின.

அதற்கு முன் ராமிப்ரில். நல்ல மருந்து, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காப்பது. ஆனால் எனக்கு வறட்டு இருமல், அதுவும் ராத்திரி முழுக்க. இருமல் மருந்து குடித்துத் தீராத இருமல் அது, மாத்திரையை மாற்றினால்தான் போகும். ராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரை எதைத் தொடங்கினாலும், டோஸ் கூட்டினாலும், ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். சீட்டில் எழுதாவிட்டால் நாமே கேட்டு வாங்க வேண்டிய டெஸ்ட். அப்புறம் அம்லோடிபின் சேர்த்தார்கள். பிரஷர் சட்டென்று இறங்கியது, கணுக்கால் வீங்கியது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் ரப்பர் பதிந்த தடம் ஆழமாக நின்றது. இதய, சிறுநீரகக் காரணம் ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு டோஸைப் பாதியாக்கினார்கள், தடம் லேசானது.

யாரும் சொல்லாமல் விடுகிற ஒன்று, நின்றபடி எடுக்கும் ரீடிங். சுகர் நாள்பட்டால் ரத்தக் குழாயைச் சுருக்கி விரிக்கும் நரம்புகளும் பாதிக்கப்படலாம். எழுந்து நின்றதும் பிரஷர் விழும், தலை சுற்றும். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு ரீடிங், எழுந்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி. மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 விழுந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். தலைசுற்றலோடு இதை எடுக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். தலைசுற்றல் என்றாலே “லோ சுகர்” என்று எதையாவது வாயில் போட்டுக்கொள்கிறவர்கள், இரண்டு கருவியிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மூட்டுவலிக்குக் கடையில் சொல்லி வாங்கும் டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கேடு. அதேபோல வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்துவிட்டால் எந்தெந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மருத்துவ கவனிப்பில் எனக்குள்ள பெரிய குறை, சுகருக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் என்று மூன்று சீட்டு இருக்கும், ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எல்லா மாத்திரையும், கடைசி டெஸ்ட் எண்களும் ஒரே தாளில் எழுதி மூவரிடமும் நீட்டுகிறேன். வருடாந்தரப் பட்டியலில் விழித்திரைப் பரிசோதனை, பாதப் பரிசோதனை, சிறுநீரகம் வடிகட்டும் திறனைச் சொல்லும் இஜிஎஃப்ஆர் எல்லாம் எப்படியோ நடந்துவிடுகின்றன. விட்டுப்போவது சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம்தான். கிரியேட்டினின் நார்மல் என்றதும் கிட்னி நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் கிரியேட்டினின் ஏறும் முன்பே ஆல்புமின் கசியத் தொடங்கிவிடலாம். அந்த விகிதம் 30க்குக் (மி.கி./கிராம்) கீழே இருந்தால் சரி. கூடியிருந்தால் உடனே கலங்காமல் இன்னும் ஓரிரு முறை எடுத்து உறுதிசெய்வார்கள். காய்ச்சலிலும் கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும்கூட அது தற்காலிகமாக ஏறும்.

மெஷின் இத்தனை வருடத்தில் எப்படி? மோட்டாரும் திரையும் அப்படியே இருக்கின்றன. முதலில் போனது பட்டையின் வெல்க்ரோ. காற்று ஏறும்போது சரசரவென்று பிரிந்து “எரர்” காட்டும். அடுத்தது குழாய் செருகும் இடத்தில் கசிவு. பட்டையை மட்டும் புதிதாக வாங்கி மாட்டியதில் இரண்டும் சரியானது. வருடத்துக்கு ஒருமுறை மெஷினைக் கிளினிக்குக்கு எடுத்துப்போய் அவர்களுடையதோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன். திரையில் ஒழுங்கற்ற துடிப்பைக் காட்டும் இதயச் சின்னம் எப்போதாவது வந்தால் கை அசைந்ததுகூடக் காரணமாக இருக்கலாம். அசையாமல் இருந்தும் திரும்பத் திரும்ப வந்தால் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். துடிப்பு தாறுமாறாக இருக்கும்போது இந்த மெஷின்களின் எண் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி வரும், அப்படித் துடிப்பு உள்ளவர்கள் மூன்று ரீடிங்காவது எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.