வீட்டுக்கு வந்து பாத்துக்கிற சர்வீஸ்: உரிமைய சொல்லிக் குடுக்கிறதுல 4 ஸ்டார்

அப்பாவ பாத்துக்க வீட்டுக்கே ஆள் அனுப்புற சர்வீஸ் ஒண்ணு எடுத்து கொஞ்ச மாசம் ஆச்சு. குளிப்பாட்டுறது, மருந்து எடுத்துக் குடுக்கிறது, பிடிச்சு நடக்க வைக்கிறது எல்லாம் நல்லாவே செய்றாங்க. நான் எழுத வந்தது வேற, வயசானவங்களுக்கு அவங்க உரிமை என்னன்னு இவங்க எப்படி சொல்லிக் குடுக்குறாங்கன்றத பத்தி, ஏன்னா சர்வீஸ் தேடுறப்ப இத யாரும் கேக்குறதே இல்ல.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கோஆர்டினேட்டர் அக்கா வந்தாங்க. நான் பக்கத்துலயே நின்னாலும் அப்பாவுக்கு நல்லா கேக்குற காது எதுன்னு கேட்டு அந்தப் பக்கமா நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க, டிவிய அணைக்கலாமான்னு அவர்கிட்டயே கேட்டாங்க. அப்புறம் நிறுத்தி நிறுத்தி ஒண்ணொண்ணா சொன்னாங்க, கேர் பிளான்ல, அதாவது உங்கள எப்படி பாத்துக்கணும்னு எழுதி வைக்கிற திட்டத்துல, என்ன எழுதியிருக்குன்னு பாக்கலாம், மாத்த சொல்லலாம், ஒரு நாள் குளிக்க வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், வர்ற ஆள் ஒத்து வரலன்னா வேற ஆள் கேக்கலாம், உங்க உடம்பு விஷயம் யாருக்கு தெரியலாம்னு முடிவு பண்றது நீங்க தான், பிள்ளைங்க கூட இல்லன்னு. எனக்கு ரொம்ப பிடிச்சது, கடைசியில "புரிஞ்சுதா?"ன்னு கேக்கல. அப்படி கேட்டா பெரியவங்க முக்கால்வாசி பேர் மரியாதைக்கு தலையாட்டிடுவாங்க. "ஐயா, காலைல வர வேண்டிய தம்பி வரவே இல்லன்னா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டாங்க. "என்ன பண்றது, காத்திருப்பேன்"னார் அப்பா. உடனே திரும்ப ஆரம்பிச்சு, யாருக்கு போன் பண்ணணும், என்ன சொல்லணும்னு அவர் வாயாலயே சொல்ல வச்சுட்டு தான் விட்டாங்க.

அப்பா திருப்பி கேட்டது ஒண்ணே ஒண்ணு, "கம்ப்ளைன்ட் பண்ணா ஆள நிறுத்திட மாட்டீங்களே?" இது தாங்க மெயின் பயம். அடுத்த வேளைக்கு எழுப்பி உக்கார வைக்க அந்த ஆள் தான் வரணும்னு இருக்கிறப்ப யாருக்கு வாய் வரும் சொல்லுங்க. அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சும்மா சொல்லிட்டு போகாம, புகார் குடுத்ததுக்காக சர்வீஸ நிறுத்தவோ குறைக்கவோ மாட்டோம்னு அக்ரிமென்ட்ல இருக்கிற வரிய விரல் வச்சு படிச்சுக் காட்டினாங்க. அப்பா கண்ணாடி போட்டு அத தானும் ஒரு தடவ படிச்சார்.

ஒரு கையேடும் குடுத்தாங்க. 1991ல ஐநா பொதுச்சபை ஏத்துக்கிட்ட முதியோருக்கான கோட்பாடுகள் அதுல இருக்கு, சுதந்திரம், பங்கேற்பு, பராமரிப்பு, சுயநிறைவு, கண்ணியம்னு அஞ்சு தலைப்புல மொத்தம் 18. முடிஞ்ச வரைக்கும் சொந்த வீட்டுலயே வாழ முடியணும்ன்றதும் அதுல ஒண்ணு. ஆனா அது சட்டம் மாதிரி யாரையும் கட்டுப்படுத்தாது, கட்டுப்படுத்துற மாதிரி ஒரு ஒப்பந்தத்த எழுத பணிக்குழு அமைக்கணும்னு ஐநா மனித உரிமைகள் கவுன்சில் முடிவு பண்ணவே 2025 ஏப்ரல் ஆயிடுச்சு. இவ்வளவு லேட்டான்னு எனக்கு வருத்தமா தான் இருக்கு.

குறைன்னா, கையேட்டுல எழுத்து ரொம்ப பொடிசு, கண்ணு மங்கினவங்களுக்குன்னு அடிக்கிற புக்க இப்படியா அடிக்கிறது. அடுத்தது புகார் நம்பர், அத எடுக்கிறதே ஆள அனுப்புற அதே சூப்பர்வைசர், வெளிய தனியா யார்கிட்ட போகலாம்னு கடைசி பக்கத்துல ஒரு மூலைல கிடக்கு. பெரிய குறை, அக்கா சொல்லிக் குடுத்தது மாத்து ஆளா வர்றவங்களுக்கு போய் சேரல. அப்படி வந்த ஒரு தம்பி, அப்பா எதிர்ல உக்காந்திருக்கும்போதே என்ன பாத்து "ஐயா நைட்டு தூங்குனாராண்ணா?"ன்னு கேட்டான். "என்ன கேளுப்பா, நான் தானே தூங்கினேன்"னார் அப்பா. பையன் நல்ல பையன், உடனே சாரி ஐயான்னு சொல்லி அவர் பக்கம் திரும்பிட்டான்.

அதுக்கு தான் ஒரு ஸ்டார குறைச்சேன். நீங்க இந்த மாதிரி சர்வீஸ் எடுக்கிறதா இருந்தா, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, மாத்து ஆளுங்களுக்கும் இந்த ட்ரெய்னிங் உண்டான்னு கேளுங்க, கட்டணம் ஏத்தினா எத்தன நாள் முன்னாடி சொல்லுவாங்கன்னும் கேளுங்க, ரெண்டையும் அப்பா அம்மாவ பக்கத்துல வச்சுக்கிட்டு அவங்களையே கேக்க விடுங்க.