உயிர்வாழ் சான்றிதழுக்குக் கைரேகை வைத்தார். 10,000 ரூபாய் போயிற்று

என் தாயாரின் குடும்ப ஓய்வூதியக் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் திருடப்பட்டிருக்கிறது. ஓடிபி வரவில்லை, ஏடிஎம் அட்டை வீட்டு பீரோவை விட்டு வெளியே போகவில்லை, ரகசிய எண்ணை யாரும் கேட்கவில்லை. பணம் போன இடம், பட்டா முதல் வருமானச் சான்று வரை எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துத் தருகிற, எங்கள் கடைத்தெருவில் உள்ள ஒரு தனியார் இணையச் சேவைக் கடை. விசாரணை நடப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்று மதியம் வங்கியிலும் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நவம்பர் பிறந்தால் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். 2014 முதல் ஜீவன் பிரமாண் என்ற பெயரில் இதை ஆதார் கைரேகை வைத்தே முடித்துவிடலாம். கடைக்காரர் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர். அம்மா அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நாற்காலி போட்டு, மின்விசிறியை அம்மாவின் பக்கம் திருப்பிவிட்டு, ரேகை எந்திரத்தில் கட்டைவிரலை வைக்கச் சொல்லியிருக்கிறார். சான்றிதழ் பதிவாகிவிட்டது. அதன் பிறகு, "ரேகை சரியா விழலம்மா, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி, ஈரத்துணியால் விரலைத் தானே துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கச் சொல்லியிருக்கிறார். ரேஷன் கடையில் தேய்ந்த விரலை மூன்று நான்கு முறை வைத்துப் பழகியவருக்கு இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அந்த இரண்டாவது ரேகைதான் 10,000 ரூபாய். சேவைக் கட்டணம் என்று நூறு ரூபாய் வேறு வாங்கியிருக்கிறார்.

ஏஇபிஎஸ் எனப்படும் ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். எவ்வளவு தொகை எடுக்கப்படுகிறது என்பது கடைக்காரரின் திரையில்தான் தெரியுமே தவிர, விரல் வைப்பவருக்குத் தெரியாது. அம்மாவின் கைபேசிக்கு ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்தியைச் சான்றிதழ் பற்றியது என்று அவர் நினைத்திருக்கிறார். மாலையில் நான் அதைப் பார்த்ததும் ஆதார் இணையதளத்தில் அவருடைய அங்கீகார வரலாற்றை எடுத்தேன். சில நிமிட இடைவெளியில் இரண்டு பதிவுகள் இருந்தன: ஒன்று சான்றிதழுக்கு, மற்றொன்று வங்கிப் பரிவர்த்தனைக்கு.

கடைக்காரர் முதலில், சர்வர் கோளாறு, பணம் தானாகத் திரும்பிவிடும் என்றார். அடுத்த முறை கேட்டபோது, அம்மாதான் பணத்தை வாங்கிக்கொண்டு போனார், வயதாகிவிட்டதால் மறந்திருப்பார் என்றார். பணம் போனதைவிட இந்தப் பேச்சுதான் அம்மாவை அழவைத்தது. இப்போது கடைக்காரர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. அவருக்கு எந்திரம் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினால், "பரிவர்த்தனை வெற்றிகரமாக நிறைவடைந்தது" என்று பதில் அனுப்பிவிட்டு, புகாரை முடித்துவைத்துவிட்டார்கள். வெற்றி யாருக்கு என்று கேட்க அங்கே ஆளில்லை.

வங்கியில், "ரேகை உங்கள் அம்மாவுடையதுதானே, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில், பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய கடமை வங்கிக்கே உண்டு என்றும், தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் வேறிடத்தில் நடந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் அவருக்கு இழப்பே கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. அதை அச்சிட்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி படித்துக்கூடப் பார்க்காமல், தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்று திருப்பித் தந்துவிட்டார். 10,000 ரூபாய் அவருக்குச் சிறிய தொகையாக இருக்கலாம். என் அம்மாவுக்கு அது ஒரு மாத மருந்தும் வீட்டுச் செலவும்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வீட்டில் ஓய்வூதியர் இருந்தால் இன்றே ஆதார் செயலியில் அவருடைய பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை முதலான அடையாளங்களை, பூட்டிவிடுங்கள்; ரேஷன் கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். உயிர்வாழ் சான்றிதழைக் கைபேசியில் முகம் காட்டியே வீட்டிலிருந்து கொடுக்கலாம், இல்லாவிட்டால் அஞ்சல்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம். "ரேகை விழவில்லை" என்று யாராவது சொன்னால், திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். வங்கி முப்பது நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்குப் புகார் கொடுத்த தேதிக்கு ஆதாரம் வேண்டும் என்பதால், கடிதத்தின் நகலில் முத்திரை வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.