எழுபதுகளின் எஃப்.எம். ராக் கேட்க ஸ்பாட்டிஃபையா, ஆப்பிள் மியூசிக்கா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எழுபதுகளில் அமெரிக்க எஃப்.எம். நிலையங்களில் ஓடிய ராக் பாட்டுகளை அன்று ஓடிய வடிவிலேயே கேட்க வேண்டுமென்றால் ஆப்பிள் மியூசிக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. பட்டியல் போட்டு நாலு பேருக்கு அனுப்ப ஸ்பாட்டிஃபைதான் வசதி. ஆனால் சந்தா கட்டிய கையோடு பாட்டின் பெயரைத் தட்டி, முதலில் வருவதை ஓடவிட்டால் இரண்டுமே கவிழ்த்துவிடும். பெயரும் குழுவும் சரியாக இருக்கும்; காதில் விழுவது வெட்டப்பட்ட சிங்கிளாகவோ (தனித் தட்டாக விற்ற ஒற்றைப் பாட்டு), பிற்காலத்தில் திரும்பப் பாடியதாகவோ இருக்கலாம்.

இந்த விஷயத்தில் வடிவம் ஏன் இவ்வளவு முக்கியம்? அறுபதுகளின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பல எஃப்.எம். நிலையங்கள் தங்கள் ஏ.எம். நிகழ்ச்சியையே மறு ஒலிபரப்பு செய்துகொண்டிருந்தன. பெரிய நகரங்களில் அப்படிச் செய்யக்கூடாது என்று அரசு ஆணையம் தடை போட்டதும், காலி நேரத்தை நிரப்பப் புதுச் சரக்கு தேவைப்பட்டது. 1967-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் அறிவிப்பாளர் டாம் டானஹியூ சிங்கிள்களை ஒதுக்கிவிட்டு, முழு ஆல்பம் அடங்கிய எல்.பி. தட்டுகளிலிருந்து நீளமான பாட்டுகளைப் போடத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பாஸ்டனின் டபிள்யூ.பி.சி.என். அதே வழிக்கு வந்தது. ஏ.எம். மூன்று நிமிடத்தில் முடித்துவிடும், எஃப்.எம். முழுசாகப் போடும், அதுவும் ஸ்டீரியோவில். எஃப்.எம். ராக் என்று நாம் சொல்வதன் உயிரே அந்த முழு நீளத்தில்தான் இருக்கிறது. சென்னையில் எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியதே 1977-இல்தான், அதுவும் அரசு வானொலியாக. அதனால் நம்மில் பலருக்கு இந்தப் பாட்டுகள் தொகுப்பு கேசட் வழியாக, அதாவது பெரும்பாலும் வெட்டிய வடிவத்தில்தான் பழக்கம்.

ஆகவே பாட்டைச் சேர்க்கும் முன் பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் நிமிடக் கணக்கை. தி ஹூவின் ‘வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்’ 1971 ஆல்பத்தில் எட்டரை நிமிடம். சிங்கிள் மூன்றரைச் சொச்சம். நடுவில் சிந்தசைசர் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்து, பிறகு டிரம்ஸ் புகுந்து, அந்த அலறல் வருமே, அதற்குப் போகும் நீண்ட ஏற்றத்தைத்தான் சிங்கிள் சுருக்கிவிடுகிறது. யெஸ் குழுவின் ‘ரவுண்டபவுட்’டுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட்டின் ‘டோன்ட் ஃபியர் த ரீப்பர்’ முழுசாக 5:08, சிங்கிள் 3:45; வெட்டியதில் நடுவில் வரும் கிடார் பகுதி போய்விடும். டெரெக் அண்ட் த டாமினோஸின் ‘லைலா’ ஏழு நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். முதலில் வந்த சிங்கிளில் கடைசி பியானோ பகுதியே கிடையாது. லினர்ட் ஸ்கினர்டின் ‘ஃப்ரீ பேர்ட்’ 1973 ஆல்பத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேல், சிங்கிள் ஐந்துக்குக் கீழ். லெட் செப்பலினின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ விஷயத்தில் மட்டும் இந்தக் கவலை இல்லை. அமெரிக்காவில் அது விற்பனைக்கான சிங்கிளாக வரவே இல்லை. 8:02 தவிர வேறு ஸ்டூடியோ வெட்டு கண்ணில் பட வாய்ப்பு குறைவு. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வும் அப்படியே: ஆறரை நிமிடத்தையும் குறைக்காமலே சிங்கிளாக விட்டார்கள். ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைச் செப்பனிட்ட) பதிப்புகளில் சில விநாடி முன்பின் இருப்பது சகஜம். அரை நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் கத்திரி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் இரண்டு சேவைகளுமே ஒரே தப்பைச் செய்கின்றன. தேடலில் முதலில் நிற்பது அதிகம் பேர் கேட்ட பதிவு. அது பல சமயம் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பிலிருந்து வரும். ஸ்டீவ் மில்லர் பேண்டின் ‘ஃப்ளை லைக் அன் ஈகிள்’ நல்ல உதாரணம். 1974–78 தொகுப்பில் இருப்பது மூன்று நிமிடச் சொச்ச வெட்டு. எஃப்.எம்.மில் ஓடியது 1976 ஆல்பத்தின் முதல் இரண்டு டிராக்குகள்: ‘ஸ்பேஸ் இன்ட்ரோ’ என்ற ஒரு நிமிடச் சொச்ச சிந்தசைசர் முன்னோட்டம், அதிலிருந்து இடைவெளியே இல்லாமல் முழு நீளப் பாட்டு. அதே குழுவின் ‘ஜெட் ஏர்லைனர்’ பாட்டுக்கும் முன்னால் ‘த்ரெஷோல்ட்’ என்றொரு தனி டிராக் உண்டு. அது இல்லாமல் கேட்டால் வாசற்படி இல்லாத வீட்டுக்குள் குதித்த மாதிரி இருக்கும்.

ஜோடிப் பாட்டுகள் என்று இவற்றைத் தனியாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்ட்ரீமிங் அதிகம் சொதப்புவது இங்கேதான். குவீனின் ‘வீ வில் ராக் யூ’ முடிந்த மூச்சில் ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’, பிங்க் ஃபிளாய்டின் ‘பிரெய்ன் டேமேஜ்’ முடிந்ததும் ‘எக்லிப்ஸ்’, ஜர்னியின் ‘ஃபீலிங் தட் வே’ பின்னால் ‘எனிடைம்’, இசட் இசட் டாப்பின் ‘வெயிட்டிங் ஃபார் த பஸ்’ஸை ஒட்டி ‘ஜீசஸ் ஜஸ்ட் லெஃப்ட் சிகாகோ’, ஜாக்சன் பிரவுனின் ‘த லோட்-அவுட்’டோடு ‘ஸ்டே’. எஃப்.எம். அறிவிப்பாளர்கள் இவற்றைப் பிரிப்பதே இல்லை. ஊசியைத் தட்டில் வைத்தால் அதுபாட்டுக்கு ஓடும், எடுக்க வேண்டிய வேலை இல்லை. (ஒன்பது நிமிடப் பாட்டு ஓடும்போதுதான் அறிவிப்பாளர் கழிவறைக்குப் போய்வருவார் என்பது வானொலிக்காரர்கள் மத்தியில் பழைய ஜோக்.) செயலியிலோ ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. உடைவது மூன்று காரணங்களால்.

முதல் காரணம், இரண்டு பாதிகளையும் வெவ்வேறு பதிப்பிலிருந்து எடுப்பது. ஒரே ஆல்பத்துக்கு ரீமாஸ்டர், டீலக்ஸ், ஆண்டு நிறைவு என்று பல பக்கங்கள் இருக்கும். கோப்பு எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பது ஒவ்வொன்றிலும் மாறும். ஒன்றின் முதல் பாதியையும் இன்னொன்றின் இரண்டாம் பாதியையும் ஒட்டினால் ஒரு சொடுக்கோ நொடி மௌனமோ வரும். தேடலில் இருந்து சேர்க்காமல், ஆல்பம் பக்கத்தைத் திறந்து இரண்டையும் அடுத்தடுத்துச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது ஒலி அளவைச் சமப்படுத்தும் நார்மலைசேஷன் வசதி. ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவு திருத்தம் போடும். பட்டியலில் பல ஆல்பங்கள் கலந்திருந்தால் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாகச் சரிசெய்யும். அப்போது அமைதியான ‘பிரெய்ன் டேமேஜ்’ தூக்கப்பட்டு, உரத்த ‘எக்லிப்ஸ்’ அமுக்கப்பட்டு, இரண்டும் சேரும் இடத்தில் ஒலி சட்டென்று படி இறங்கும். பொங்கி வரவேண்டிய இடத்தில் காற்று போய்விடும்.

மூன்றாவது கிராஸ்ஃபேட். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் 12 விநாடி வரை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும் வசதி இது. பார்ட்டிக்கு நல்லது. ஜோடிப் பாட்டுக்கு ஆகவே ஆகாது.

அதனால் ஸ்பாட்டிஃபையில் செட்டிங்ஸ் போய் கேப்லெஸ் (இடைவெளி விடாமல் ஓட்டுவது) ஆன், கிராஸ்ஃபேட் 0, ஆட்டோமிக்ஸ் (பாட்டுகளைத் தானே கலந்து ஒட்டுவது) ஆஃப், நார்மலைசேஷன் ஆஃப் என்று வைத்துவிடுங்கள். ஸ்மார்ட் ஷஃபிள் இருந்தால் அதையும் அணையுங்கள். பட்டியலில் இல்லாத பாட்டை அது நடுவில் சொருகும். நார்மலைசேஷன் இல்லாவிட்டால் சில பாட்டு கத்தும், சில முனகும். பொறுக்க முடியாதவர்கள் ‘நார்மல்’ அளவில் வைக்கலாம். ‘லவுட்’ மட்டும் வேண்டாம்: அதில் உரத்த இடங்களை அமுக்கும் லிமிட்டர் வேலை செய்யும். அன்றைய நிலையங்களும் ஒலியைக் கசக்கித்தான் அனுப்பின, எழுபதுகளின் நடுவில் ஆப்டிமோட் பெட்டி வந்தபின் இன்னும் அதிகமாக, ஆகவே ‘லவுட்’ தான் அசல் எஃப்.எம். என்று வாதாட ஆள் இருக்கும். எனக்கு அந்த அசல் தேவையில்லை.

ஆப்பிள் மியூசிக்கில் அணைக்க வேண்டியவை வேறு. சவுண்ட் செக் (ஆப்பிளின் ஒலிச் சமப்படுத்தல்), கிராஸ்ஃபேட் இரண்டோடு, முக்கியமாக டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி வடிவம். ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால், ஒத்துப்போகும் ஹெட்ஃபோன் மாட்டியவுடன் அட்மாஸ் வடிவம் இருக்கும் ஆல்பங்களை அந்த வடிவத்தில்தான் ஓட்டும். அது பழைய ஸ்டீரியோ மிக்ஸ் இல்லை. அசல் டேப்புகளிலிருந்து புதிதாகக் கலந்தது. கிடார் இருந்த இடம் மாறும், பாடகர் பின்வாங்குவார். கேட்க அழகாக இருக்கலாம், ஆனால் 1973-இல் காரில் கேட்டவருக்கு இது அந்நியம்.

திரும்பப் பாடிய பதிவுகள் இன்னொரு பொறி. பழைய மாஸ்டர் டேப் ஒரு கம்பெனியிடம் மாட்டிக்கொண்டிருக்க, குழு வேறு கம்பெனிக்குப் போய்ப் பழைய ஹிட்டையே மறுபடி பதிவு செய்வது அடிக்கடி நடந்தது. ஸ்டிக்ஸின் ‘லேடி’ 1973-இல் உட்டன் நிக்கல் லேபிளில் வந்தது. ஏ அண்ட் எம் வெளியிட்ட 1995 ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பில் இருப்பது புதிதாகப் பாடியது. ஜர்னியின் 2008 ஆல்பத்துடன் வந்த இரண்டாம் தட்டு முழுக்கப் பழைய ஹிட்களே, ஆனால் பாடியவர் பழைய பாடகர் ஸ்டீவ் பெர்ரி இல்லை, ஆர்னெல் பினேடா. இசட் இசட் டாப் கதை சற்று வித்தியாசம். 1987 வாக்கில் அவர்களின் எழுபதுகள் ஆல்பங்களை சி.டி.க்காக மறுபடி மிக்ஸ் செய்து, டிரம்ஸை எண்பதுகளின் எதிரொலியில் முக்கி எடுத்தார்கள். ‘லா கிரேஞ்ச்’ தொடங்கி டிரம்ஸ் முழுசாக உள்ளே வரும் இடத்தைக் கேளுங்கள். உலர்ந்து, பக்கத்தில் அடித்த மாதிரி இருந்தால் அசல். பெரிய ஹாலில் கதவை அறைந்த மாதிரி இருந்தால் விட்டுவிட்டு வேறு பதிவு தேடுங்கள். ‘ட்ரெஸ் ஹோம்ப்ரெஸ்’ ஆல்பம் அசல் மிக்ஸோடு 2006-இல் மறுபடி வந்தது.

எல்லா இடத்திலும் ஸ்டூடியோ வடிவம்தான் சரி என்றும் இல்லை. பாப் சீகரின் ‘டர்ன் த பேஜ்’ என்றால் எஃப்.எம். நேயர்களுக்கு 1976-இல் வந்த ‘லைவ் புல்லட்’ ஆல்பத்தின் டெட்ராய்ட் மேடைப் பதிவுதான். பீட்டர் ஃப்ராம்ப்டனின் ‘டூ யூ ஃபீல் லைக் வீ டூ’வும் அதே ஆண்டு வந்த மேடை ஆல்பத்தின் பதினான்கு நிமிட வடிவில்தான் எடுபடும்.

ஆப்பிள் முந்துவதற்குக் காரணம் ஒலித்தரம் என்று பலர் சொல்வார்கள். கூடுதல் கட்டணமில்லாமல் லாஸ்லெஸ் (தரம் குறைக்காத ஒலி) தருகிறார்கள் என்பது உண்மை, ஆனால் 2025-இல் ஸ்பாட்டிஃபையும் லாஸ்லெஸ் தரத் தொடங்கிவிட்டது. எப்படியும் அன்றைய எஃப்.எம். 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிட்டது, 19-இல் ‘இது ஸ்டீரியோ’ என்று ரேடியோவுக்குச் சொல்லும் பைலட் சிக்னல் உட்கார்ந்திருந்ததால். இந்தப் பாட்டுகளுக்கு ஸ்பாட்டிஃபையின் 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு 320 கிலோபிட்) தாராளம். புளூடூத்தில் கேட்பவருக்கு லாஸ்லெஸ் முழுசாகப் போய்ச் சேர்வதும் இல்லை. உண்மையான காரணம், நம்மிடமிருக்கும் கோப்புகளை ஏற்றும் வசதி. சி.டி.யிலிருந்து எடுத்த அசல் மிக்ஸைக் கணினியில் மியூசிக் செயலிக்குள் போட்டால் அது எல்லாச் சாதனத்திலும் அதே பட்டியலில் வந்து நிற்கும், ஒரு லட்சம் பாட்டு வரை. பொருத்திப் பார்க்கும் வேலையில் அது சில சமயம் உங்கள் கோப்புக்குப் பதில் தன்னிடமிருப்பதை வைத்துவிடும். டிராக் பெயரில் ‘ஒரிஜினல் மிக்ஸ்’ என்று சேர்த்து ஏற்றுவது ஓரளவு தடுக்கும். ஸ்பாட்டிஃபையின் லோக்கல் ஃபைல்ஸ் இதற்கு ஈடாகாது. கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் நகரும். பட்டியலைப் பகிர்ந்தால் மற்றவருக்கு அந்த இடம் ஊமையாகிவிடும்.

ஆயத்தப் பட்டியல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘கிளாசிக் ராக்’ என்ற பெயரில் ஏ.எம். ஹிட்டும் எஃப்.எம். நீளப் பாட்டும் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். ஒரு பாட்டிலிருந்து ‘ரேடியோ’ தொடங்கினாலும் நாலாவது பாட்டுக்குள் அதே பத்து ஹிட்டுக்கு வந்துவிடும். நியாயமாகச் சொன்னால் இதைச் செயலிகள் கண்டுபிடிக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் லீ ஏப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்கள் ஆய்வு வைத்துப் பட்டியலைச் சுருக்கியபோதே அறிவிப்பாளரின் சுதந்திரம் குறையத் தொடங்கிவிட்டது.

நீங்களே கோர்ப்பதாக இருந்தால் நாலைந்து பாட்டு, இருபத்தைந்து நிமிடம் ஒரு தொகுப்புக்குப் போதும், எல்.பி.யின் ஒரு பக்கத்தைவிடச் சற்றே அதிகம். ‘ஸ்பேஸ் இன்ட்ரோ’வும் ‘ஃப்ளை லைக் அன் ஈகிள்’உம் தொடக்கத்துக்கு, பின்னால் ‘ரீப்பர்’, அது தேய்ந்து மறைவதால் ‘பிரெய்ன் டேமேஜ்’ தொடங்கும் மெல்லிய கிடார் இடறாது. ‘எக்லிப்ஸ்’ இதயத்துடிப்பில் அடங்கி மௌனமாகும். அந்த இடத்தில் அதிரடி கிடார் ரிஃப்போடு பாயும் எதையும் வைக்காதீர்கள், தூக்கிவாரிப் போடும். ‘ஃப்ரீ பேர்ட்’ ஆர்கனில் மெதுவாக எழுவதால் இங்கே பொருந்தும், ஒன்பது நிமிடம் முடிந்தபின் எதையும் தொடரத் தேவையும் இருக்காது. பட்டியல் முடிந்ததும் தானாக வேறு பாட்டைத் தொடரும் ஆட்டோபிளே அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் போட்டுவிட்டோம், இனி அசையாது என்றும் நம்ப முடியாது. நீல் யங் பாட்டுகள் 2022 தொடக்கத்தில் ஸ்பாட்டிஃபையிலிருந்து போய், 2024-இல்தான் திரும்பின. உரிமம் மாறும்போது ஸ்பாட்டிஃபை ஒரு பதிவை எடுத்துவிட்டு அதே பாட்டின் வேறு பதிப்பைச் சொல்லாமல் வைப்பதும் உண்டு. சில மாதத்துக்கு ஒருமுறை நிமிடக் கணக்கை மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் பார்த்தால், 5:08 இருந்த இடத்தில் 3:45 நிற்பது கண்ணில் பட்டுவிடும்.