பாஸ்டனும் நியூயார்க்கும்: புறநகர் ரயிலை யார் ஓட்டுவது?

பாஸ்டன் புறநகர் ரயில் பெட்டிகளும் எஞ்சின்களும் மாசச்சூசெட்ஸ் வளைகுடாப் போக்குவரத்து ஆணையத்துக்கே சொந்தம். எனினும் 2014 ஜூலை முதல் அவற்றை ஓட்டிப் பராமரிப்பது பிரெஞ்சு நிறுவனமான கியோலிஸ். நியூயார்க்கிலோ, 1983இல் கான்ரெயில் என்ற ரயில் நிறுவனத்திடமிருந்து சேவையை ஏற்ற பெருநகரப் போக்குவரத்து ஆணையம், மெட்ரோ-நார்த் என்ற துணை அமைப்பின் வழியாகத் தானே ரயில்களை ஓட்டுகிறது.

ஒப்பந்த முறையின் வலிமை, தாமதத்துக்கு அபராதம் விதிக்கவும் தவணை முடிந்ததும் ஆளை மாற்றவும் முடிவதே. ஆனால் 2015 குளிர்காலப் பனியில் பாஸ்டன் சேவை நிலைகுலைந்தபோது, எஞ்சினுக்கு ஆணையம், பராமரிப்புக்கு ஒப்பந்ததாரர் எனப் பொறுப்பு இரண்டாகப் பிளந்து நின்றது. நடைமேடையில் விறைத்து நின்ற பயணிக்கு இந்தப் பாகுபாட்டால் என்ன பயன்? நியூயார்க்கில் அப்படிக் கைகாட்ட வேறு ஆளில்லை, ஆயினும் வேலைநிறுத்தத்தால் முதல் ஆண்டிலேயே ஆறு வாரம் ரயில்கள் ஓடவில்லை.

ஆளை மாற்றும் உரிமையும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பாஸ்டனின் அந்த ஒப்பந்தத்துக்குப் போட்டியிட்டவை இரண்டே நிறுவனங்கள்.