தமிழ்ச் சொற்களுக்கு வரிசை எண்: பைத்தானின் 'ரெஜெக்ஸ்' நூலகம் எப்படி?

பெங்களூரு சிக்பேட்டை துணிக்கடைகளின் சரக்குப் பட்டியலில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் ஒரே வரியில் கலந்து வருவதுண்டு. 'பட்டு, காட்டன், பட்டு' என்று திரும்ப வரும் சொல்லை பட்டு_1, பட்டு_2 என்று மாற்ற, பைத்தான் நிரல்மொழியுடன் வரும், எழுத்து வடிவங்களைத் தேடும் 'ரீ' (re) மாட்யூல் போதாது. பிப் (pip) என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவும் 'ரெஜெக்ஸ்' (regex) நூலகத்தைத் தயங்காமல் எடுங்கள்.

யூனிகோடில் 'பட்டு' ஐந்து குறியீடுகள்: ப, ட, புள்ளி, ட, உகரக் குறி. சொல்லைப் பிடிக்க நாம் எழுதும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் (\w+), ரீ-யில் புள்ளியையும் துணைக்குறியையும் விட்டுவிடும். அதனால் சொல் 'பட', 'ட' என்று இரண்டாக உடைகிறது. எண் நடுவில் போய் உட்காருகிறது. கன்னடத்துக்கும் இதே கதிதான். ரெஜெக்ஸில் அதே வடிவம் முழுச் சொல்லையும் பிடிக்கும். இறக்குமதி வரியை மட்டும் மாற்றினால், பழைய நிரல் பெரும்பாலும் அப்படியே ஓடும்.

ஒவ்வொரு வரியிலும் வேலையை இரண்டு சுற்றாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் அந்த வரியின் எல்லாச் சொற்களையும் எடுத்து, கலெக்‌ஷன்ஸ் மாட்யூலின் கவுண்டரில் மொத்தம் எண்ணுங்கள். அடுத்து, தேடி மாற்றும் 'சப்' (sub) ஃபங்ஷனில் மாற்றுச் சொல்லுக்குப் பதில் நாமே எழுதிய ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள். சொல்லின் மொத்தம் ஒன்றுக்கு மேல் இருந்தால், அது இன்னொரு கவுண்டரில் ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணை ஒட்டித் திருப்பி அனுப்பட்டும். இந்த இரண்டாவது கவுண்டரை ஒவ்வொரு வரிக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் முதல் வரியின் எண்ணிக்கை அடுத்த வரியிலும் தொடரும்.

வரியை இடைவெளிகளில் வெட்டி (ஸ்ப்ளிட்), மறுபடி ஒட்டுவது (ஜாயின்) சுலபமாகத் தெரியும். ஆனால் 'பட்டு' வேறு, காற்புள்ளி ஒட்டிய 'பட்டு,' வேறு என்று கணக்காகிவிடும். வரி முறிவுகளும் தொலையும். ரிப்ளேஸ் இன்னும் மோசம், 'பட்டுப்பாவாடை'க்குள்ளும் கை வைக்கும்.

எண்ணுக்கு முன் அடிக்கோடு போடுவதே நல்லது. பேக்ஸ்லாஷ் டபிள்யூ அடிக்கோட்டையும் சேர்த்துப் பிடிப்பதால், நிரலைத் தவறி மறுபடி ஓட்டினாலும் பட்டு_1 தனிச் சொல்லாகவே நிற்கும். ஹைஃபன் போட்டால் பட்டு-1-1 ஆகிவிடும்.

ரெஜெக்ஸும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு. 'போர்வை'யின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைத்தானுக்கோ வெவ்வேறு சொற்கள். எண்ணுவதற்கு முன்பே யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவில் ஓட்டிவிடுங்கள். ஆங்கிலச் சொற்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டுக்கு கேஸ்ஃபோல்ட் போதும். அதைக் கவுண்டரின் சாவிக்கு மட்டும் பயன்படுத்துங்கள், வெளியே வரும் சொல் மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

வெளி நூலகம் நிறுவ அனுமதிக்காத அலுவலகக் கணினியா? பட்டியல் முழுவதும் தமிழ் என்றால், ரீ-யிலேயே 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையிலான (0B80–0BFF) யூனிகோட் தமிழ் எல்லையைச் சதுர அடைப்புக்குள் கொடுத்து, அடிக்கோட்டையும் இலக்கங்களையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். கன்னடமும் வந்தால் 0சி80 முதல் 0சிஎஃப்எஃப் வரை அதே அடைப்புக்குள் போடுங்கள்.