கார்த்திகைக் கிழங்கு ஒன்லைன்ல வாங்கப் போறவை இதை வாசிச்சிட்டு காசைப் போடுங்கோ

கோவம் இன்னும் அடங்கேல்லை, அதோடயே எழுதிறன். 48,000 ரூபா. ஒரு சதம் திரும்பி வரேல்லை.

மூலிகைக் கண்டு, கிழங்கு விக்கிற முகநூல் பேஜ் ஒண்டு. பேர் போடேல்லை, போட்டா கேஸ் எண்டு வெருட்டுறாங்கள். கார்த்திகைக் கிழங்கு நடுங்கோ, விதையில கொல்ச்சிசின் எண்ட மருந்துப்பொருள் இருக்கு, மருந்துக் கொம்பனியளுக்குத் தேவை, விதையை நாங்களே விலைக்கு எடுப்பம் எண்டு வீடியோ. விசயம் முழுப்பொய்யும் இல்லை, தமிழ்நாட்டில மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகவே இதைத் தோட்டமாச் செய்யினம். போன் எடுத்தன். கதைச்ச பொடியன், "அக்கா, ஒட்டுசுட்டான் மண்ணுக்கு இது சும்மா வரும், உங்கட வேலியிலயே பாத்திருப்பியள், நானும் வன்னிப் பொடியன்தான், எங்கட சனத்துக்குப் பிழையான சாமான் தருவனே" எண்டான். எங்கட சனம் எண்டதோட நான் பிறகு ஒண்டும் கேக்கேல்லை, அண்டைக்கே பாங்கில போட்டாச்சு, 30 கிலோவுக்கு டெலிவரியோட 48,000.

சாக்கை அவிட்டா அரைவாசி துண்டு. இந்தக் கிழங்கு கவர்விட்டு ரெண்டு கையா இருக்கும், முளை வாறது கை நுனியில மட்டும்தான், உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் இல்லை, நுனி முறிஞ்சா அந்தக் கையில முளை இல்லை. வெட்டின இடமெல்லாம் சாம்பல் பூசி விட்டிருக்கிறாங்கள், தேய்ச்சுப் பாத்தா உள்ளுக்கு காய்ஞ்சு சுருங்கிப்போய்க் கிடக்கு. உடனயே படம் எடுத்து அனுப்பினன். "அக்கா இது உறக்ககாலம், கிழங்கு நித்திரை கொள்ளுது, நட்டுட்டுப் பொறுங்கோ."

உதுதான் எனக்கு வயித்தெரிச்சல். உறக்ககாலம் எண்டது உண்மை. மாரி முடிய கொடி காய்ஞ்சு விழும், கிழங்கு வெயில் காலம் முழுக்க மண்ணுக்குள்ள சும்மா கிடக்கும், என்ன தண்ணி ஊத்தினாலும் லேசில அசையாது. அந்த உண்மையைச் சொல்லியே இழுத்தடிச்சாங்கள். ஐப்பசி மழை விழுந்து வேலியில தானா நிண்ட காட்டுக் கார்த்திகைக்கொடி முளைச்சு கிளுவையைப் பிடிச்சு ஏறீட்டுது, பாத்தியில ஒண்டையும் காணேல்லை. கிண்டிப் பாத்தா அழுகின நாத்தம். போன் எடுத்தா மண் சரியில்லை எண்டான், பிறகு நீங்கள் தண்ணி கூட விட்டிட்டியள் எண்டான் (மழைக்கு நானே பொறுப்பு?), பிறகு வேற ஒரு பொம்பிளை எடுத்து "சேர் மீட்டிங்ல". கடைசியா புளொக். 48,000 ரூபா, நகை அடைவு வச்ச காசு.

சரி, வாங்கிறதெண்டா நேர போய்ப் பாத்து வாங்குங்கோ. நுனி முழுசா, கிழங்கு இறுக்கமா, 50 கிராமுக்குக் குறையாம இருக்கவேணும், பொடிக்கிழங்கு முதல் வரியம் பூக்கிறதே சந்தேகம். விதையைத் திருப்பி எடுப்பம் எண்டா எழுத்தில கேளுங்கோ. முழுக்காசை முதலே போடாதேங்கோ. கிழங்கு கடும் நஞ்சு, பிள்ளையள், ஆடு மாடு எட்டாத இடத்தில வையுங்கோ. வேற ஆரும் இப்பிடி மாட்டுப்பட்டிருந்தா இன்பொக்ஸ் வாங்கோ, பொலிசுக்குச் சேந்து போவம், தனிய போனா எழுதவே பஞ்சிப்படுறாங்கள்.