மரண சகாய நிதி சங்கத்துல இருக்கீங்களா, இதைப் படிச்சுட்டு அடுத்த சந்தா கட்டுங்க

நாச்சியார்கோவில் பக்கம் குத்துவிளக்குப் பட்டறையில 40 வருசத்துக்கு மேல வேலை பாத்தவர் எங்கப்பா. 2004ல ஒரு மரண சகாய சங்கத்துல சேந்தாரு. பேர் சொல்லல, கும்பகோணம் சுத்துவட்டாரத்துல இந்த மாதிரி நிறைய இருக்கு. கணக்கு ரொம்ப சிம்பிள். சங்கத்துல ஒருத்தர் செத்தா மீதி எல்லாரும் ஆளுக்கு 100 ரூபாய், 500 பேர் இருந்தா காரியச் செலவுக்கு 50,000 வீட்டுக்கு வந்துரும். அப்பா ஒரு சாவுக்குக்கூட கட்டாம விட்டதில்ல, வேலை இல்லாத ஆடி மாசத்துலகூட அம்மாகிட்ட வாங்கியாவது கட்டிருவாரு.

2023 பிப்ரவரில அப்பா தவறிட்டாரு. கருமாதி முடிஞ்ச மறுவாரம் செயலாளரைப் பாக்கப் போனேன், சின்ன வயசுலேர்ந்து மாமான்னுதான் கூப்புடுவேன். ஒரு கவரைக் குடுத்தாரு, உள்ள 11,500. என்ன மாமா இதுன்னு கேட்டதுக்கு, "தம்பி, இப்ப கட்டுறவங்களே 190 பேர்தான், 19,000 வசூல் ஆச்சு, ஊரடங்கப்போ அப்பா கட்டாம விட்டதுக்கு அபராதத்தோட 2,500, நிர்வாகச் செலவு 5,000, போக இதுதான்"னாரு. ஊரடங்குல வசூலுக்கு ஆளே வரலையே மாமான்னேன். பதில் இல்ல. ஆனா அந்த வருசம் பொங்கலுக்கு அவங்க அடிச்ச காலண்டர்ல "500 குடும்பங்களின் பாதுகாப்பு"ன்னுதான் போட்ருந்துச்சு, 50,000ன்னு கொட்டை எழுத்துல.

எல்லாருக்கும் இதேதான்னு காட்டுறதுக்கு பட்டுவாடா நோட்டைத் தொறந்து என் முன்னாடி வச்சாரு. நான் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவோட ஹார்லிக்ஸ் டப்பாவைக் கொட்டுனேன், ரசீது எல்லாம் வருசவாரியா ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தாரு, அதைப் பாத்து அம்மா அழுதுட்டாங்க. 2021க்கு மட்டும் 23 ரசீது, அதாவது 23 சாவுக்கு 2,300 கட்டிருக்காரு. சங்கத்து நோட்டுல அந்த வருசம் பணம் குடுத்ததா இருக்கறது 16 குடும்பத்துக்குத்தான். மீதி 7 சாவுக்கு வசூல் பண்ண பணம் எங்க போச்சு? 200 பேர்னு வச்சாலே 1,40,000 ஆகுது. அந்த ஏழு ரசீதுல ஒண்ணுல செத்தவர்னு போட்ருந்த உறுப்பினர் எண்ணை விசாரிச்சா, அவரு 2015லயே மகனோட திருப்பூர் போயிட்டாராம், போன் போட்டேன், அவரே எடுத்துப் பேசுனாரு. உசுரோட இருக்கற மனுசனுக்கு எங்கப்பா சாவுப் பணம் கட்டிருக்காரு.

இதுல திருட்டு ஒரு பக்கம். திருட்டே இல்லன்னாலும் இந்தச் சங்கம் கவுந்துதான் இருக்கும், அதை எனக்குப் புரிய வச்சது எல்ஐசில ரிட்டயர் ஆன எங்க பெரியப்பா. 2004ல சேந்தவங்க பாதிப் பேருக்கு 40 வயசு, வருசத்துக்கு 4 சாவு, 400 ரூபாயோட முடிஞ்சுது. இப்ப அதே ஆளுங்களுக்கு 60 தாண்டிருச்சு, வருசத்துக்கு 20க்கு மேல சாவு, 2,000க்கு மேல கட்டணும், சின்னப் பசங்க யாரும் சேர மாட்டேங்குறாங்க, இருக்கறவங்களும் விட்டுட்டுப் போறாங்க, ஆள் குறையக் குறைய கையில வர்ற பணமும் குறையுது. இங்கிலாந்துல ஆட்ஃபெலோஸ்னு இதே மாதிரி பரஸ்பர உதவிச் சங்கம் இருந்துச்சாம், அதுல மான்செஸ்டர் பிரிவோட செயலாளர் ராட்கிளிஃப் 1850லயே வயசுவாரியா நோய், சாவு கணக்கு எடுத்து அட்டவணை போட்டாராம், சின்னவன் பெரியவன் எல்லாரும் ஒரே சந்தா கட்டுனா சங்கம் தாங்காதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. நம்ம சங்கத்துல இன்னைக்கும் 30 வயசுக்காரனுக்கும் 70 வயசுக்காரருக்கும் அதே 100தான்.

அதனால 50,000 தருவீங்களான்னு கேக்காதீங்க. போன சாவுக்கு எத்தனை பேர் கட்டுனாங்க, போன வருசம் எத்தனை சாவு, அவங்க வீட்டுக்கு எவ்வளவு போச்சு, இதைக் கேளுங்க. 50 வயசுக்கு உள்ள இருக்கறவங்க பேங்க்ல பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு போட்டுக்கலாம், வருசம் 436 ரூபாய், செத்தா குடும்பத்துக்கு 2 லட்சம், ஆனா 55 வயசு வரைக்கும்தான். அது 2015ல வந்தப்பவே எங்கப்பாவுக்கு 50 தாண்டிருச்சு, அவருக்கு இந்தச் சங்கத்தை விட்டா வேற வழி இல்ல, அதை நெனச்சாதான் வயிறு எரியுது.

மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போட்டேன். 2016க்கு அப்புறம் வரவு செலவு கணக்கே தாக்கல் பண்ணலன்னு பதில் வந்துச்சு. 1975 சங்கங்கள் பதிவுச் சட்டம் 36வது பிரிவுல உறுப்பினர்கள் மூணுல ஒரு பங்கு பேர் மனு குடுத்தா பதிவாளர் விசாரிக்கலாம். ஆனா நான் உறுப்பினர் இல்ல, நாமினிதான், எங்கப்பா போனதோட எங்க வீட்டுக்கு அங்க குரலும் போச்சு. 190 பேர்ல 64 கையெழுத்து வேணும், இதுவரைக்கும் 41 வாங்கிருக்கேன். சில பேர் பயப்படுறாங்க, கையெழுத்து போட்டா நம்ம வீட்டுக்குச் சாவு விழும்போது அதையும் தர மாட்டாங்கன்னு.

2020க்கு அப்புறம் உள்ள ரசீதை யாரும் கிழிச்சுப் போட்றாதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல பட்டறைத் தெரு டீக்கடைலதான் இருப்பேன், கொண்டு வாங்க, அங்கயே வச்சு எண் சரிபாத்துட்டு உடனே திருப்பிக் குடுத்துடுறேன்.